மேடையில் அவர்கள் எப்படிப் பாடினார்கள்?

திருவனந்தபுரம் கோட்டைக்குள், பத்மதீர்த்தக் குளக்கரைப் பக்கம் மாலை வேளையில் காற்று வாங்க வருகிற பெரியவர்களில், சங்கீதம் என்று பேச்செடுத்த மாத்திரத்தில் "அந்தக் காலத்துக் கச்சேரி போல வருமா?" என்று பெருமூச்சு விடாதவர் ஒருவரேனும் உண்டா என்று நான் பல வருஷங்களாகத் தேடி வருகிறேன்; இதுவரை அகப்படவில்லை. அந்தப் பெருமூச்சு வயோதிகத்தின் லட்சணங்களில் ஒன்று, மூட்டுவலியைப் போல, என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் என் தமக்கையின் பேரன், டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிற இருபத்திரண்டு வயசுப் பையன், ஒருநாள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "தாத்தா, அந்தக் காலத்து ராக் குழுக்கள் மேடையில வாசிச்ச மாதிரி இப்போ எவனாலயும் வாசிக்க முடியாது" என்று அதே பெருமூச்சை, அதே சுருதியில் விட்டபோது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவன் புகழ்ந்த குழுக்கள் அவன் தகப்பனாருக்கு மீசை முளைப்பதற்கு முன்பே கலைந்துபோனவை. கூட வந்திருந்த அவனுடைய சிநேகிதனோ, ரிக்கார்டில் கேட்பதுதான் அவர்களுடைய உண்மையான திறமை என்றும், மேடையில் அவர்கள் வெகு சுமார் என்றும், ரசிகர்களின் கூச்சலே அந்தக் குறையை மூடியது என்றும் வாதாடினான். இருவரும் போன பிறகு, இந்த விவகாரம் நம்முடைய வித்துவான்களைப் பற்றியும் தீராமலே இருப்பதை நினைத்துக்கொண்டேன். அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி என்று நாம் கைகூப்பிச் சொல்லும் பெயர்களுக்கு உரியவர்கள், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில், ஒரு சாதாரணக் கூட்டத்துக்கு முன்னால், உண்மையில் எப்படித்தான் பாடினார்கள்?

இதற்கு நமக்கு அகப்படும் சாட்சிகள் மூன்றே. கேட்டவர்களின் ஞாபகம் ஒன்று, இசைத்தட்டும் ஒலிநாடாவும் மற்றொன்று, அக்காலத்து விமரிசகர்கள் எழுதி வைத்தது மூன்றாவது. மூன்றுமே குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பத் தகாதவை.

ஞாபகத்தின் போக்கு நமக்குத் தெரியாததன்று. எங்கள் ஊரிலேயே ஷட்கால கோவிந்த மாரார் என்ற மகானைப் பற்றிய கதைகளைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆறு காலங்களிலும் பல்லவி பாட வல்லவர் என்பதனாலேயே அவருக்கு அந்தப் பட்டம் வந்தது என்பார்கள். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-ல் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தப் பிடில் பரிசளித்ததையும், ஆயில்யம் திருநாள் சபையில் மகா வைத்தியநாதையருக்கும் கோயமுத்தூர் ராகவையருக்கும் நடந்த போட்டியையும், தாங்களே முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களைப் போலச் சொல்லும் பெரியவர்கள் இருந்தார்கள். மகா வைத்தியநாதையர் காலமானது 1893-ல். அவருடைய குரலில் ஒரு ஸ்வரம்கூட எந்த யந்திரத்திலும் பதியவில்லை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவரைப் பற்றி எழுதிய புஸ்தகம் மட்டும் இல்லாவிட்டால், அவரும் ஒரு புராண பாத்திரமாகவே ஆகியிருப்பார். கேட்டவர் எழுதியதற்கும், கேட்டவரிடம் கேட்டவர் சொல்வதற்கும் உள்ள தூரம் அதிகம்.

இசைத்தட்டுக்கு வருவோம். கல்கத்தாவில் 1902-ல் கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரையும் சேர்த்துச் சொன்னது, ஜெர்மனியில் தட்டுத் தயாரிக்கிறவர்கள் இன்னாருடைய பாட்டு என்று அடையாளம் கண்டு சீட்டு ஒட்டுவதற்காக. அன்று தொடங்கி ஏறக்குறைய ஐம்பது வருஷ காலம், நம் நாட்டு ராகங்கள் எல்லாம் தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷமும் சொச்சமும் என்ற கணக்குக்குள் அடங்க வேண்டியிருந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். சுவாமி புறப்பாட்டில், தீவட்டி வெளிச்சத்தில், வீதி வீதியாக நின்று அவர் வாசித்த தோடி விடியும் வரையில் நீண்டதென்று கேட்டவர்கள் சொல்வார்கள். தட்டில் இருக்கும் தோடியோ இரண்டு பக்கமும் சேர்த்துக் காப்பி ஆறுவதற்குள் முடிந்துபோகும். அந்த ஆறேழு நிமிஷத்திலேயே ஒரு தலைமுறை நாகஸ்வரக்காரர்கள் தோடி கற்றுக்கொண்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அதை வைத்துக்கொண்டு அந்த வீதியில் நடந்ததை மதிப்பிடுவது, பஞ்சாமிர்தத்தை விரல் நுனியால் தொட்டு நக்கிவிட்டுப் பழனி மலையின் உயரத்தைச் சொல்வது போன்ற காரியம். பேரப்பிள்ளை சொன்ன லெட் செப்பலின் குழுவிலும் இதே கதை இருக்கிறது: தட்டில் ஆறரை நிமிஷம் வரும் ஒரு பாட்டை அவர்கள் மேடையில் அரைமணி நேரம் வரை விரித்தார்களாம். அது நம் ராகம் தானம் பல்லவிக்கு எவ்வளவு தூரத்து உறவு என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். தட்டை மட்டும் கேட்டவனுக்கு மேடை தெரியாது என்கிற அளவில் இரண்டும் ஒன்று.

இசைத்தட்டைவிட யோக்கியமான சாட்சி 1950-களில் வந்த ஸ்பூல் டேப். சங்கீதப் பித்துப் பிடித்த சில தனவந்தர்களும், தனம் இல்லாமல் பித்து மட்டுமே இருந்த சில குமாஸ்தாக்களும், ரொட்டிப் பெட்டி போன்ற யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கல்யாணக் கச்சேரிகளுக்கும் கோயில் உற்சவங்களுக்கும் போய்ப் பதிவு செய்தார்கள். மதுரை மணி ஐயரின் சர்வலகு ஸ்வரங்கள் இன்றைக்கும் நம் காதில் விழுகின்றன என்றால், அந்தப் புண்ணியத்தில் பெரும்பங்கு இவர்களுக்கு. அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் என்ற குழு, தன் கச்சேரிகளை டேப் செய்ய வரும் ரசிகர்களை விரட்டுவதை விட்டு, 1984-ல் அவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கிக் கொடுத்ததாம். நம் பக்கத்தில் அப்படி இடம் ஒதுக்கியவர் யாரும் இல்லை. தூணுக்குப் பின்னால் ஒளிந்துதான் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

இந்த நாடாக்கள் என்ன சொல்கின்றன? பக்தர்களுக்கு ஜீரணிக்கக் கஷ்டமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய வித்துவான்களின் அந்தக் காலத்துக் கச்சேரி நாடாக்களில் சுருதி விலகும் இடங்கள் இருக்கின்றன. சாகித்தியம் மறந்துபோய் முணுமுணுக்கும் இடங்கள் இருக்கின்றன. பிடில்காரரும் பாடகரும் அநுபல்லவியில் வெவ்வேறு திசையில் புறப்பட்டுச் சரணத்தில் சந்தித்துக்கொள்ளும் இடங்கள் கூட இருக்கின்றன. இன்றைய இளம் பாடகர்களிடம் இந்தக் குறைகள் வெகு அபூர்வம். மேடையிலேயே மின்தம்பூரா, முன்னால் மானிட்டர், வாரத்துக்கு நாலு பதிவைத் திரும்பக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் வசதி எல்லாம் இவர்களுக்கு இருக்கின்றன. "கேட்க நன்றாயிருந்தது" என்பதற்குப் பிழையின்மைதான் அளவுகோல் என்றால், வழக்கு அங்கேயே முடிந்தது: பேரனின் சிநேகிதன் ஜெயித்தான்.

விமரிசகர்களும் அவன் கட்சிக்கே சாட்சி சொல்லக்கூடும். ஆனந்த விகடனில் கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதிய 'ஆடல் பாடல்' பகுதியைப் படித்தவர்களும், பின்னாளில் சுப்புடுவின் பேனாவுக்கு இரையானவர்களும், அந்தப் பொற்காலத்தில் எல்லாக் கச்சேரியும் பொன்னாக இல்லை என்பதை அறிவார்கள். புல்லாங்குழல் மாலியைப் பற்றிக் கேட்க வேண்டியதே இல்லை. அவர் கச்சேரிக்கு வருவாரா என்பதே ஒரு கேள்வி. வந்தால் வாசிப்பாரா என்பது இன்னொரு கேள்வி. வாசிக்க ஆரம்பித்தபின் முடிப்பாரா என்பது மூன்றாவது. இத்தனையையும் தாண்டி அவர் மனம் வைத்து வாசித்த ராத்திரிகளைப் பற்றிப் பேசும்போது, ஏமாந்து வீடு திரும்பிய ராத்திரிகளை ஒருவரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இனி இங்கிலீஷ்காரர்களைக் கொஞ்சம் பார்ப்போம். அவர்களிடம் இந்தக் கேள்விக்குக் கணக்கு வழக்கோடு விடை கிடைக்கிறது. பீட்டில்ஸ் என்ற நால்வர் புகழ் பெறுவதற்கு முன், ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகப் பக்கத்து மதுக்கடைகளில் ராத்திரிக்கு ஆறு மணி, எட்டு மணி நேரம் என்று வாசித்திருக்கிறார்கள். லிவர்பூலில் ஒரு நிலவறைக் கிளப்பில் முந்நூறு தடவைக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கிறார்கள். பிற்பாடு, 1965 ஆகஸ்டு 15-ஆம் தேதி நியூயார்க்கின் ஷே மைதானத்தில் ஐம்பத்தையாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். பந்தாட்டத்தின்போது அறிவிப்புச் செய்கிற ஒலிபெருக்கியில்தான் பாட்டு வந்தது; ஜனங்களின் கூச்சலில் அவர்கள் பாடியது அவர்களுக்கே கேட்கவில்லை. டிரம் வாசித்தவர், முன்னால் நிற்பவர்களின் உடம்பசைவைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டதாகப் பின்னாளில் சொன்னார். அந்தக் கச்சேரியைப் படமாக வெளியிடுவதற்கு, அடுத்த ஜனவரியில் லண்டன் ஸ்டூடியோ ஒன்றில் உட்கார்ந்து சில பாட்டுக்களை மறுபடி வாசித்து ஒட்டவேண்டி வந்தது. 1966 ஆகஸ்டு 29-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோவோடு சுற்றுப் பயணக் கச்சேரிகளையே நிறுத்திவிட்டார்கள். பிறகு 1969 ஜனவரி 30-ல், லண்டனில் தங்கள் ஆபீஸ் மொட்டை மாடியில், குளிரில், நாற்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வாசித்தார்கள்; கேட்டவர்கள் சில டஜன் பேரும் தெருவில் போனவர்களும். அந்தப் பதிவைக் கேட்ட எவரும் அவர்களுக்கு மேடையில் வாசிக்கத் தெரியாது என்று சொல்லத் துணியமாட்டார். ஹூ என்ற குழுவின் மேடைப் பதிவுகளில் தலைசிறந்ததென்று பலரும் சொல்வதும், 1970 பிப்ரவரியில் லீட்ஸ் பல்கலைக்கழகத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் எடுத்ததேயன்றி மைதானத்தில் எடுத்ததன்று.

நம் கேரளத்திலும் இதற்கு ஒத்த சங்கதி உண்டு. 1977-ல் தொடங்கிய 13 ஏடி என்ற கொச்சிக் குழுவினர், சீலார்ட் ஹோட்டலில் சாப்பிட வந்தவர்களுக்கு முன்னால் நாள்தோறும் வாசித்தே கை தேறினார்கள். இதே திருவனந்தபுரத்தில் 2003-ல் தோன்றிய அவியல் என்ற குழு, மலையாளத்தில் ராக் பாடி, தன் முதல் ஆல்பத்தை 2008-ல்தான் வெளியிட்டது. நடுவே கழிந்த ஐந்து வருஷமும் மேடைதான். இவர்களுடைய சங்கீதம் என் காதுக்கு முழுவதும் உகந்ததென்று சொன்னால் பொய்யாகும். ஆனால் சமைக்கத் தெரிந்தவன் கையும் தெரியாதவன் கையும் எனக்குப் புரியும்.

இங்கேதான் என் ஆராய்ச்சி, வெகுதூரம் சுற்றிவிட்டு, என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைதூரத்துக்கே திரும்பி வந்தது. மேடையில் வித்துவான் எப்படி என்ற கேள்வியைச் சோதித்துப் பார்க்க ஒரு பரிசோதனைச் சாலை கட்டச் சொன்னால், நவராத்திரி மண்டபத்தைவிடச் சிறந்ததாக எந்த விஞ்ஞானியாலும் கட்ட முடியாது என்று நினைக்கிறேன். ஸ்ரீ பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே, குதிரைமாளிகையின் பக்கத்தில் இருக்கிறது அது. கம்பர் பூஜித்ததாக ஐதிகமுள்ள சரஸ்வதி விக்கிரகம், பத்மநாபபுரத்திலிருந்து குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக, வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன்வர ஊர்வலமாக வந்து அங்கே எழுந்தருளுகிறது. ஒன்பது நாளும் மாலை ஆறு மணிக்கு முல்லமூடு பாகவதர்கள் பரம்பரை பாத்தியதையாகத் தோடயம் பாடி முடிப்பார்கள். அதன்பின் அன்றைய வித்துவான் எட்டரை மணி வரை பாடுவார். மேல்சட்டை கிடையாது, வேட்டியும் மேல்முண்டும்தான். முதல் நாள் சங்கராபரணம், இரண்டாம் நாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி என்று பிரதான ராகம் வித்துவானுடைய இஷ்டத்துக்கு விடப்படாமல் சுவாதித் திருநாளின் கிருதிகளின்படி விதிக்கப்பட்டிருக்கிறது. ராகத்துக்குப் பின் தானம் பாடும்போது மிருதங்கமும் கூடவே வாசிக்கும் வழக்கம் வேறெங்கும் காண்பது அரிது. கூரையிலிருந்து மண்பானைகள் கவிழ்த்துத் தொங்கவிடப்பட்டிருக்கின்றன. அலங்காரத்துக்காக அன்று, நாதம் எதிரொலித்துக் குழம்பாமல் இருப்பதற்காக. வெளிச்சம் எண்ணெய் விளக்குகளுடையது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைதட்டல் கிடையாது. சங்கீதம் அங்கே தேவிக்கு நைவேத்தியம். நைவேத்தியத்துக்கு யாராவது கைதட்டுவார்களா?

கைதட்டல் என்றதும் 1971 ஆகஸ்டில் நியூயார்க்கில் வங்காளதேச அகதிகளுக்காக நடந்த கச்சேரி ஞாபகம் வருகிறது. ரவிசங்கரும் சகாக்களும் வாத்தியங்களுக்குச் சுருதி சேர்த்து முடித்ததும் ஜனங்கள் ஆரவாரமாகக் கைதட்டினார்கள். சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்துவிட்டதென்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புவதாக அவர் பணிவோடு சொன்னார். கைதட்டல் எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சி இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். நாடாவில் கேட்கும் கரகோஷத்தை வைத்துக் கச்சேரியை மெச்சுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

நான் வாலிபனாயிருந்தபோது நான்காம் நாள், அதாவது தோடி நாள், மண்டபத்துக்குள் இடம் கிடைக்காமல் தாழ்வாரத்துத் தூணோரம் நின்று கேட்டது ஒன்று உண்டு. பாடியவரின் பெயர் இங்கே வேண்டாம். நல்ல புகழில் இருந்தவர்; அன்று சாரீரம் அவருக்கு வசப்படவில்லை. ஆலாபனை ஏறி மேல் ஸ்தாயி காந்தாரத்தைத் தொடப்போன இடத்தில் குரல் துணி கிழிவது போலப் பிசிறியது. மைக் இருந்தால் வாயை அதன் அருகே கொண்டுபோய் மெல்லிய குரலில் சமாளித்திருப்பார். கூட்டம் கைதட்டுவதாக இருந்தால் நாலு பிருகாவை உதறி மறக்கடித்திருப்பார். அங்கே இரண்டும் இல்லை. விளக்குத் திரி படபடக்கிற சத்தமும் தம்பூராவும் மட்டும் கேட்டன. அவர் கண்ணை மூடிக்கொண்டு ஷட்ஜத்துக்கே இறங்கி வந்தார். அங்கிருந்து மந்தர ஸ்தாயிக்குப் போனார். அப்புறம் ஏறக்குறைய இருபது நிமிஷம், மத்திய ஸ்தாயி தைவதத்துக்கு மேலே ஏறவே இல்லை. ஏறாமலே, தோடியில் இவ்வளவு இடம் கீழேயே இருக்கிறதா என்று நாங்கள் பிரமிக்கும்படி, ஒவ்வொரு ஸ்வரமாக நின்று நின்று கட்டினார். பிடில்காரரும் அதைப் புரிந்துகொண்டு, தமக்கு மேல் ஸ்தாயி சுலபமாயிருந்தும் அங்கே போகவில்லை. கடைசியில் குரல் தானாகவே காந்தாரத்தைத் தொட்டது. ஒருவரும் அசையவில்லை. அவர் மேல்முண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தானத்துக்குப் போனார், மிருதங்கம் சேர்ந்துகொண்டது.

என் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதுதான். இத்தனை வருஷத்தில் என் ஞாபகம் அந்தத் தோடிக்கு மெருகு ஏற்றியிருக்கக்கூடும். ஆனால் அதே வித்துவான் அதே காலத்தில் பெரிய பந்தல் ஒன்றில் பாடிய கச்சேரியின் நாடாவைப் பிற்பாடு ஒரு சிநேகிதர் வீட்டில் கேட்டேன். அதிலும் தோடி இருந்தது. எட்டே நிமிஷம், மேல் ஸ்தாயிக்கு நாலு தடவை ஏறி நாலு தடவையும் கைதட்டல் வாங்கியிருந்தார். இரண்டு தோடியும் ஒருவருடையவை என்று சத்தியம் செய்தாலும் நம்பக் கஷ்டம்.

ஆகவே என் அபிப்பிராயத்தை இனி ஒளிக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்து வித்துவான்கள் மேடையில் சிறந்தவர்களா என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. எந்த மேடையில், எத்தனை பேருக்கு முன்னால் என்று சேர்த்துக் கேட்கவேண்டும். தான் பாடுவது தன் காதுக்கே கேட்கிற கூடத்தில், விஷயம் தெரிந்த இருநூறு பேருக்கு முன்னால், அவர்கள் ரிக்கார்டுகளை எல்லாம் தூக்கிச் சாப்பிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர் கூடிய பந்தல்களில், அக்காலத்துக் கரகர ஒலிபெருக்கியின் முன்னால், பலபேர் சுமாராகவே பாடினார்கள்; சிலர் சுமாரைவிடவும் மோசம். 1930-களில் மைக் வருவதற்கு முன் நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று சுருதி வைத்து, கடைசி வரிசை ஆசாமியின் காதில் விழவேண்டும் என்பதற்காகவே தொண்டையைப் பழக்கிய நாடக மேடைக்காரர்களும் பாகவதர்களும் இருந்தார்கள். கிட்டப்பா அந்தப் பரம்பரையின் கொழுந்து. செம்பை வைத்தியநாத பாகவதரின் வெண்கலக் குரலுக்கு மைக் ஒரு மரியாதைக்காக வைத்திருப்பதாகவே தோன்றும். பாலக்காடு மணி ஐயர் மைக்கை வெறுத்து, அது இல்லாத கச்சேரியில்தான் வாசிப்பேன் என்று ஒரு காலத்தில் பிடிவாதமே பிடித்தார். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரம் யந்திரத்தில் நுழைந்தால் தகர டப்பாவாகிவிடும் என்பது காது உள்ளவர்களுக்குத் தெரியும். இன்றும் எந்த சபாவிலும் கச்சேரியின் முதல் பத்து நிமிஷம் "மிருதங்கத்துக்குக் கொஞ்சம் கூட்டுங்கோ, எனக்கு பேஸ் குறையுங்கோ" என்று கையசைப்பதிலேயே கழிகிறது.

இந்த என் கொள்கைக்கு ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் திறந்த வெளிக்கென்றே பிறந்தது. நாலு சுவருக்குள் வைத்தால் காதடைக்கும். அவருக்குக் கூடத்தின் அளவைப் பற்றிய என் சட்டம் பொருந்தாது. எம்.டி. ராமநாதனோ நேர் எதிர்: அவ்வளவு தாழ்ந்த சுருதியில், அவ்வளவு விளம்பத்தில் பாடிய குரல், மைக் என்ற சாதனமே இல்லாதிருந்தால் நாலாவது வரிசைக்கு அப்பால் போயிருக்காது. மைக் கெடுத்தது பாதி என்றால் கொடுத்ததும் உண்டு.

அதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நான் இவ்வளவு போற்றிய நவராத்திரி மண்டபத்தில் 2006-ஆம் வருஷம் வரை எந்தப் பெண்ணும் பாடியதில்லை. எம்.எஸ். பாடவில்லை, பட்டம்மாள் பாடவில்லை, வசந்தகுமாரி பாடவில்லை. பாறசாலை பி. பொன்னம்மாள் சுவாதித் திருநாள் சங்கீத சாலையின் ஆதி மாணவிகளில் ஒருவர், அங்கே கற்பித்தவர், ஆயுளின் பெரும்பகுதியை இந்த ஊரில் கழித்தவர். அவர் அந்தச் சந்நிதியில் உட்கார்ந்து பாட எண்பது வயசைத் தாண்டவேண்டியிருந்தது. அந்த வயசிலும் அவருடைய காலப்பிரமாணம் ஒரு மயிரிழை விலகவில்லை. அவர் நாற்பது வயசில், குரலின் பூரண யௌவனத்தில் அங்கே பாடியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த நாடாவிலும் தேடிப் பிரயோஜனம் இல்லை. சோதனைச் சாலை நல்லதுதான். பாதிப் பேரைச் சோதிக்காமலே விட்டுவிட்டது.

செம்மங்குடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் திருவனந்தபுரத்துக்காரன் இந்த விஷயத்தை முடிக்கக்கூடாது. 1939-ல் ஏற்பட்ட அந்தச் சங்கீத சாலைக்கு ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதருக்குப் பின் இருபது வருஷத்துக்கு மேல் தலைவராயிருந்தவர். சுவாதி கிருதிகளை மேடைக்குக் கொண்டுவந்தவர். நவராத்திரி மண்டபத்தில் வருஷா வருஷம் பாடியவர். அவருக்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்த ஜி.என். பாலசுப்பிரமணியம் பிறவியிலேயே தேன் குரல் வாய்த்தவர். 1965-ல் காலமாகிவிட்டதால் இந்த ஊர் அவரை அதிக காலம் அநுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. செம்மங்குடியின் சாரீரமோ மூக்கொலி கலந்து, எளிதில் வளையாத சாரீரம். அவர் கச்சேரி நாடாக்களில் முதல் அரைமணியில் குரலோடு அவர் மல்லுக்கட்டுவது நன்றாகவே கேட்கும். ரிக்கார்டுக்கு அது குறை. அந்த மல்லுக்கட்டைக் கண்ணெதிரே பார்த்தவர்களுக்கோ, பின்னால் வரும் கரகரப்பிரியாவின் சுகத்தில் பாதி அதிலிருந்துதான் வந்தது.

பேரனிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நான் சொன்னது சரியா, அவன் சொன்னது சரியா?" என்றான். வரும் நவராத்திரியில் தோடி நாளன்று அவனையும் சிநேகிதனையும் அழைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். ஊருக்கு வரும் வாசகர்களும் வரலாம். கச்சேரி ஆறு மணிக்கு. ஐந்தரைக்கே வந்துவிட வேண்டும், புருஷர்கள் வேட்டியில். செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.